வெண்ணெய் திரளும் நேரத்தைக் கடிகாரம் சொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெண்ணெய், சீஸ், ஐஸ்கிரீம் ஆகிய மூன்றையும் வீட்டிலேயே கைமுறையாகச் செய்துகொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் வெளிவந்த செய்முறைக் குறிப்புகளைப் படித்தேன். இயந்திரம் இல்லாமல் இவற்றைச் செய்ய முடியும் என்பதையே பலரும் மறந்துவிட்ட நிலையில், அதற்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியதற்கு என் மனமார்ந்த நன்றி. பல ஆண்டுகளாக இந்த மூன்றையும் கையாலேயே செய்துவருபவள், விரும்பிக் கேட்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வருபவள் என்ற முறையில், அந்தக் குறிப்புகளில் நான் கண்ட ஒரு குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பாலேட்டை 20 நிமிடம் கடைய வேண்டும், பால் உறைய ஒரு மணி நேரம் விட வேண்டும், ஐஸ்கிரீம் கலவையை 30 நிமிடம் சுழற்ற வேண்டும் என்று மூன்று குறிப்புகளிலும் வேலையின் அளவு கடிகாரத்தைக் கொண்டே சொல்லப்பட்டிருக்கிறது. எந்த வெப்பநிலையில் தொடங்க வேண்டும் என்பதோ, எதைப் பார்த்து நிறுத்த வேண்டும் என்பதோ ஓரிடத்திலும் இல்லை.

இந்த வேலைகளில் நேரம் என்பது கடைசியில் தெரியவரும் விளைவு. பாலில் உள்ள கொழுப்பு, அறையின் வெப்பம், பாத்திரத்தின் அகலம், கடைபவரின் கை வேகம் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. நேற்று 12 நிமிடத்தில் திரண்ட வெண்ணெய் இன்று 40 நிமிடம் எடுத்துக்கொள்வது எனக்கே பலமுறை நேர்ந்திருக்கிறது. குறிப்பில் சொன்னபடி 20 நிமிடம் கடைந்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று பாலேட்டைக் கொட்டிவிட்டுப் பிறகு என்னிடம் வந்து வருந்தியவர்கள் உண்டு. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்ததாகச் சொல்லும் பழமொழி நமக்குத் தெரியும். இவர்கள் கதையில் தாழி உடையவில்லை; திரளும் தறுவாயில் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வெண்ணெய் எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தத் தறுவாயைக் கண்டுகொள்வது எளிது. பாலில் கொழுப்பு தனியாக மிதப்பதில்லை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 3 அல்லது 4 பங்கு அளவே உள்ள நுண்ணிய துளிகளாக, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய சவ்வால் போர்த்தப்பட்டு, நீரெங்கும் பரவிக் கிடக்கிறது. கடையும்போது அந்தச் சவ்வு கிழிகிறது, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் அவை ஒட்டுவதற்குக் கொழுப்பில் ஒரு பகுதி கெட்டியாகவும் ஒரு பகுதி இளகியும் இருந்தாக வேண்டும். முழுவதும் இளகியிருந்தால் துளிகள் மணியாகத் திரளாமல் பிசுபிசுப்பாகக் குழைந்து, கொழுப்பில் பெரும் பங்கு மோரோடு போய்விடும். முழுவதும் இறுகியிருந்தால் எத்தனை நேரம் கடைந்தாலும் ஒன்றையொன்று பற்றாது. இந்த இரண்டுக்கும் நடுவில், பாலேட்டைக் கடைவதற்கு ஏற்ற இடம் ஏறத்தாழ 10 முதல் 14 டிகிரி செல்சியஸ். ஒரு சாதாரண சமையல் வெப்பமானி இருந்தால் போதும்; அது இல்லாதவர்கள் பாலேட்டை இரவு முழுவதும் குளிரவைத்துவிட்டு, விரலை விட்டால் சில்லென்று இருந்தும் கடுக்காத நிலைக்கு வந்தபின் கடையத் தொடங்கலாம். வெப்பம் மிகுந்த நாளில் கடையும் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் அமர்த்திக்கொண்டு செய்வது பழைய வழக்கம், அதற்கு இதுவே காரணம்.

பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதையும் குறிப்பு சொல்லவில்லை. பாலேடு முதலில் நுரைத்துப் பெருகும். பிறகு தடித்து மத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த இடத்தில்தான் கை வலி எடுக்கும். பலரும் நிறுத்துவதும் இங்கேதான். அதைத் தாண்டினால் நுரையின் வழுவழுப்பு மறைந்து மேற்பரப்பு சொரசொரப்பாகும், வெண்மையில் மஞ்சள் சாயல் ஏறும், அதுவரை மந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஓசை சட்டென்று மாறித் தண்ணீர் தளும்பும் ஓசையாகும். அந்த மாற்றம் சில விநாடிகளில் நிகழ்ந்துவிடும். கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் கேட்கலாம். மணிகள் கோதுமை அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரே உருண்டையாகும்வரை கடைந்துகொண்டே போனால் உள்ளே மோர் சிறைப்பட்டு, இரண்டொரு நாளில் வெண்ணெய் புளித்து நாறும்.

நான் கற்றுக்கொண்ட முதல் ஆண்டில் இந்தத் தவற்றைத்தான் திரும்பத் திரும்பச் செய்தேன். மோரை வடித்துவிட்டு, மணிகளாக இருக்கும்போதே அவற்றைக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். நீர் கலங்காமல் தெளிவாக வரும்வரை மூன்று நான்கு முறை நீரை மாற்ற வேண்டும். அதன் பின்னரே ஒன்றுசேர்த்துப் பிசைந்து, எஞ்சிய நீரை அழுத்தி வெளியேற்ற வேண்டும். மரக்கரண்டியால் பிசைகிறவர்கள் அதை முதலில் கொதிநீரிலும் பிறகு குளிர்நீரிலும் நனைத்துக்கொண்டால் வெண்ணெய் ஒட்டாது. பன்னாட்டு உணவுத் தர நெறிகளின்படி வெண்ணெயில் கொழுப்பு 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, நீர் 16 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது. கையால் பிசைபவர் இந்த அளவை அளந்து பார்க்க இயலாது என்றாலும், வெண்ணெயைக் கத்தியால் வெட்டினால் வெட்டிய முகத்தில் நீர்த்துளி அரும்பாமல் இருந்தால் அந்த எல்லையை நெருங்கிவிட்டதாகக் கொள்ளலாம். உப்புச் சேர்ப்பதானால் வெண்ணெயின் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு வரை, கடைசிப் பிசைதலில் சேர்க்கலாம். கொழுப்பு 35 விழுக்காடு உள்ள ஒரு லிட்டர் பாலேட்டிலிருந்து 400 கிராம் அளவுக்கு வெண்ணெய் கிடைக்கும். அதைவிடப் பெரிதும் குறைந்தால் கடைந்தபோது வெப்பம் மிகுந்திருந்தது என்று பொருள்.

பாலேட்டை அப்படியே கடைவது ஒரு மரபு, பாலை உறையவைத்துத் தயிராகக் கடைவது மற்றொரு மரபு; இரண்டும் உலகின் பல பகுதிகளில் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. உறைந்த பாலில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் புளிப்போடு டையசிட்டைல் என்ற நறுமணப் பொருளையும் உண்டாக்குவதால், அந்த வெண்ணெயின் மணம் ஆழமானது. 1878ஆம் ஆண்டில் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் டி லாவல் பாலைச் சுழற்றிப் பாலேட்டைப் பிரிக்கும் கருவியை உருவாக்கும்வரை, பாலேடு தானாக மேலே மிதந்து வரும்வரை ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் அது இயல்பாகவே சற்றுப் புளித்துவிடும். பழைய வெண்ணெயின் சுவையை நினைவுகூர்பவர்கள் உண்மையில் நினைவுகூர்வது இந்தப் புளிப்பின் மணத்தைத்தான் என்பது என் கருத்து. இன்று கடைகளில் கிடைக்கும் பாலில் பெரும்பகுதி ஹோமோஜினைஸ் செய்யப்பட்டது, அதாவது கொழுப்புத் துளிகள் அழுத்தத்தால் மேலும் சிறிதாக உடைக்கப்பட்டது. அந்தப் பாலில் ஏடு தானாகப் பிரிந்து மிதக்காது. தங்கள் குறிப்பு வெறுமனே 'பால்' என்று எழுதியிருப்பதால் எத்தனை பேர் ஏட்டுக்காகக் காத்திருந்து ஏமாந்திருப்பார்களோ என்று கவலைப்படுகிறேன்.

சீஸ் பற்றிய குறிப்பில் இதே குறை இன்னும் பெரிய இழப்புக்கு வழிசெய்கிறது, ஏனெனில் 10 லிட்டர் பாலிலிருந்து ஒரு கிலோ அளவுக்குத்தான் கெட்டி சீஸ் கிடைக்கும். தவறிப்போனால் போவது 10 லிட்டர் பால். பாலைத் திரிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. 85 டிகிரிக்கு மேல் காய்ச்சிய பாலில் எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ சேர்த்துத் திரிப்பது ஒன்று. இது எளியது, கை தவறினாலும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் அவ்வாறு கிடைக்கும் சீஸ் சூட்டில் உருகாது. மற்றொன்று, இளங்கன்றின் இரைப்பையிலிருந்தோ நுண்ணுயிர்களிலிருந்தோ கிடைக்கும் ரென்னெட் என்ற நொதியை வெதுவெதுப்பான பாலில் சேர்ப்பது. பாலிலுள்ள கேசின் என்ற புரதம் சிறு உருண்டைகளாக மிதக்கிறது. அவற்றின் மேற்புறத்தில் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளே அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளிவைக்கின்றன. ரென்னெட் அந்த இழைகளை மட்டும் நறுக்கிவிடுகிறது. காவல் போனபின் உருண்டைகள் கைகோத்து வலையாகி, கொழுப்பையும் நீரையும் தங்களுக்குள் பிடித்துக்கொண்டு உறைகின்றன. இது 30 முதல் 35 டிகிரிக்குள் நன்றாக நடக்கும். 60 டிகிரிக்குச் சூடேறினால் ரென்னெட் செயலற்றுப்போகும். குளோரின் கலந்த குழாய்நீரில் கரைத்தாலும் அதன் ஆற்றல் குன்றிவிடும்.

என் தொடக்ககாலத் தோல்வி ஒன்றை இங்கே சொல்வது பயன்படும் என்று எண்ணுகிறேன். ஒரு முறை, பல மாதம் கெடாமல் இருக்கும்படி மிகுந்த வெப்பத்தில் பதப்படுத்திய பாலை வாங்கி, அப்போது என்னிடமிருந்த ஒரு குறிப்பில் கண்டபடி ரென்னெட் சேர்த்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். இரண்டு மணி நேரமானது. கூழ்போலத் தளதளத்ததே தவிர அது கட்டியாகவில்லை. ரென்னெட்தான் கெட்டுவிட்டது என்று எண்ணி அதை எறிந்துவிட்டு, புதிதாக வாங்கி மறுபடியும் அதே பாலில் முயன்று, மறுபடியும் தோற்றேன். அத்தகைய வெப்பத்தில் பாலின் வேறொரு புரதம் தன் வடிவம் குலைந்து கேசின் உருண்டைகளின்மேல் படிந்துகொள்கிறது, அதனால் ரென்னெட் தன் வேலையைச் சரிவரச் செய்ய முடிவதில்லை என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். 'மிகை வெப்பத்தில் பதப்படுத்திய பாலைத் தவிர்க்கவும்' என்ற ஒற்றை வரி அந்தக் குறிப்பில் இருந்திருந்தால் எனக்கு இத்தனை பால் வீணாகியிருக்காது. தங்கள் குறிப்பிலும் அந்த வரி இல்லை.

உறைந்ததா என்று பார்ப்பதற்கும் கடிகாரம் வேண்டாம். கத்தியின் நுனியைச் சாய்வாகச் செருகி மெல்ல உயர்த்தினால், உறைந்த பால் கண்ணாடி பிளந்ததுபோல் நேராகப் பிளந்து, அந்தப் பிளவில் இளம்பச்சை கலந்த தெளிநீர் ஊற வேண்டும். பிளவு நைந்து, ஊறும் நீர் வெண்மையாக இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். இதைவிட நுட்பமான ஒரு முறையும் சீஸ் செய்பவர்களிடையே வழக்கில் இருக்கிறது. நான் பெரிதும் மதிப்பது அதைத்தான். ரென்னெட் சேர்த்தபின் எடை குறைந்த சிறு கிண்ணம் ஒன்றைப் பாலின்மேல் மிதக்கவிட்டு அவ்வப்போது விரலால் சுழற்றிப் பார்ப்பார்கள். முதலில் தடையின்றிச் சுழலும் கிண்ணம், பால் இறுகத் தொடங்கும் கணத்தில் சுழல மறுத்து நின்றுவிடும். ரென்னெட் சேர்த்ததிலிருந்து அந்தக் கணம்வரை ஆன நேரத்தைக் குறித்துக்கொண்டு, கெட்டி சீஸுக்கு அதை இரண்டு அல்லது மூன்றாலும், மென்மையான சீஸுக்கு ஐந்து அல்லது ஆறாலும் பெருக்கினால், கட்டியை வெட்ட வேண்டிய நேரம் கிடைக்கும். இங்கும் நிமிடக் கணக்கு இருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கின் அடிப்படை எண்ணை அன்றைய பாலே கொடுக்கிறது. செய்முறைக் குறிப்பில் நேரத்தை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இப்படி எழுதலாமே.

வெட்டும் அளவுக்கும் காரணம் உண்டு. சிறிதாக வெட்டினால் மிகுதியான நீர் வடிந்து கெட்டியான, நெடுநாள் வைக்கத்தக்க சீஸ் கிடைக்கும். பெரிதாக வெட்டினால் ஈரம் தங்கி மென்மையாக வரும். வடித்த தெளிநீரைக் கொட்ட வேண்டியதில்லை: அது புளிக்கும் முன் 85 டிகிரிவரை சூடாக்கி ஒரு சிறிது புளிப்புச் சேர்த்தால், எஞ்சிய புரதம் மென்மையான திரளாக மேலே வரும். அதுதான் ரிக்கோட்டா என்ற சீஸ்; அந்த இத்தாலியச் சொல்லுக்கு 'மறுபடி காய்ச்சியது' என்றே பொருள். திரிந்த பாலை வடிக்கும் கலை எவ்வளவு பழையது என்பதற்குப் போலந்தில் கிடைத்த துளையிட்ட மட்கலங்கள் சான்று; ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழமையான அவற்றில் பால்கொழுப்பின் எச்சம் படிந்திருப்பதை ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அளவு சீரான ரென்னெட் சாற்றை 1874ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் ஹேன்சன் விற்பனைக்குக் கொண்டுவரும்வரை, ரென்னெட்டின் வீரியம்கூட ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தது. பாலும் மாறும், உறையும் மாறும் என்ற நிலையில் சீஸ் செய்து வாழ்ந்தவர்களுக்குக் கண்ணும் விரலும்தான் அளவுகோல்.

இந்த இடத்தில் மிகுந்த கவலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். தங்கள் சீஸ் குறிப்பில், 'பாரம்பரியச் சுவை வேண்டுமானால் காய்ச்சாத பாலையே பயன்படுத்துங்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. காய்ச்சாத பாலில் காசநோய்க் கிருமியும், புருசெல்லோசிஸ் காய்ச்சலை உண்டாக்கும் கிருமியும், லிஸ்டீரியாவும் இருக்கக்கூடும். இவற்றுள் லிஸ்டீரியா குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் பெருகும் தன்மையுடையது. கர்ப்பிணிகளுக்கு அது கருச்சிதைவுவரை கொண்டுபோய்விடும். உடனே உண்ணும் மென்மையான சீஸில் இந்த ஆபத்து மிகுதி. பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்திருந்தால் இந்தக் கிருமிகள் அழிந்துவிடும். இந்த மிதமான வெப்பத்தால் பால் உறையும் தன்மையும் பெரிதாகக் கெடுவதில்லை, கட்டி சற்றுத் தளர்வாக வந்தால் மிகச் சிறிதளவு கால்சியம் குளோரைடு சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாம். இது ஒன்றில் மட்டும் நிமிடத்தையும் டிகிரியையும் இம்மியும் பிசகாமல் கடைப்பிடிக்க வேண்டும், ஏனெனில் கிருமி செத்ததா என்பதைக் கண்ணாலோ விரலாலோ அறிய முடியாது. நேரத்தை எழுதத் தேவையில்லாத இடங்களில் எழுதிவிட்டு, எழுதியே தீர வேண்டிய இந்த இடத்தில் விட்டுவிட்டிருப்பது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது. முன்னோர் காய்ச்சாத பாலைப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மைதான். அதனால் நோயுற்றார்கள் என்பதும் உண்மை.

ஐஸ்கிரீம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கையால் சுழற்றும் ஐஸ்கிரீம் வாளிக்கு அமெரிக்காவின் நான்சி ஜான்சன் 1843ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்றுவரை அதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை. வெளியே பனிக்கட்டியும் உப்பும், உள்ளே கலவை நிறைந்த உலோகக் குவளை, அதற்குள் சுழலும் துடுப்பு. உப்பு எதற்கு என்று தங்கள் குறிப்பு விளக்காததால், பனிக்கட்டி மட்டும் போட்டுச் சுழற்றிக் களைத்தவர்கள் இருப்பார்கள். வெறும் பனிக்கட்டி உருகும் நிலை 0 டிகிரி. சர்க்கரை கலந்த பால் அந்த வெப்பநிலையில் உறையாது, அதற்கு 0 டிகிரிக்குக் கீழே மேலும் இரண்டு மூன்று டிகிரியாவது வேண்டும். உப்புச் சேர்த்தால் பனிக்கட்டி 0 டிகிரிக்குக் கீழேயும் உருகும். ஒவ்வொரு கிராம் பனியும் உருகுவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அந்த வெப்பத்தைக் கலவையிலிருந்து உலோகச் சுவர் வழியாக உறிஞ்சும். உப்பும் பனியும் சேர்ந்து எட்டக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 21 டிகிரி. எடைக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு பனிக்கு ஒரு பங்கு உப்பு வீட்டு வேலைக்குப் போதும். அதற்கு மேல் போனால் குவளையின் ஓரம் மட்டும் சடுதியில் இறுகிவிட, நடுப்பகுதி கூழாகவே நின்றுவிடும். உருகிய உப்புநீர் மூடிவரை ஏறாமல் அவ்வப்போது வடித்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு துளி உள்ளே புகுந்தாலும் சுவை போயிற்று.

கைப்பிடியைச் சுழற்றுவதன் நோக்கம், சுவரில் படியும் பனிப்படிகங்களை வளரும் முன்பே சுரண்டிவிடுவது. படிகம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 50 பங்குக்கு மேல் வளர்ந்தால் நாக்கு அதை மணலாக உணரும். எனவே கலவையைக் காய்ச்சியபின் 4 டிகிரியில் குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு குளிரவைத்துவிட்டுச் சுழற்றத் தொடங்கினால், உறைதல் விரைவாக நடந்து படிகங்கள் சிறிதாகவே நிற்கும். இளஞ்சூட்டோடு ஊற்றினால் படிகங்கள் பெருத்துவிடும், பனியும் வீணாகும். எப்போது நிறுத்துவது என்பதைக் கையே சொல்லிவிடும்: எளிதாகச் சுழன்றுகொண்டிருந்த கைப்பிடி கனத்து, இரு கைகளாலும் பிடித்தாக வேண்டிய நிலை வரும்போது கலவை மைனஸ் 5 டிகிரிக்கு வந்திருக்கும், அதிலுள்ள நீரில் ஏறத்தாழ பாதி உறைந்திருக்கும். மீதியை இன்னும் கடுங்குளிரில், சுழற்றாமல் வைத்து இறுகவிட வேண்டும். கையால் செய்த ஐஸ்கிரீம் கனமாக இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆலையில் செய்யப்படும் சிலவற்றில் பருமனில் பாதி காற்றாகவே இருக்கும், கைச்சுழற்சியில் அவ்வளவு காற்று புகாது.

எனவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான்: இனி வெளியிடும் செய்முறைகளில், எந்த வகைப் பால், எத்தனை டிகிரி, எதைக் கண்டதும் நிறுத்துவது என்ற மூன்றையும் ஒவ்வொரு கட்டத்துக்கும் அச்சிடுங்கள், இடம் போதாவிட்டால் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வெளிவந்த குறிப்புகளில் மற்றவற்றுக்கு அடுத்த இணைப்பிதழ்வரை பொறுக்கலாம். காய்ச்சாத பாலைப் பரிந்துரைக்கும் அந்த ஒரு வரிக்கு மட்டும், யாரேனும் அதைப் பின்பற்றிச் சீஸ் செய்வதற்குள், நாளைய இதழிலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி